ஆய்வுக்கு நேரம் தருவது யார் பொறுப்பு?

சிந்தனைக் களம்

ஜொகூரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும், அவர்களில் பலர் கடைசியில் வந்து சேரும் இடம் ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை. மெர்சிங், சிகாமட் போன்ற ஊர்களிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் வாழ்பவர்கள் 40 லட்சம் பேர். மூளையையும் தண்டுவடத்தையும் தொட்டு அறுவை செய்யத் தகுதி பெற்றவர்களோ மிகச் சிலர்.

அந்தச் சிலரோடு இரவில் கண் விழித்திருப்பவர்கள், நரம்பு அறுவை சிகிச்சையில் நிபுணத்துவப் பயிற்சி பெறும் இளம் மருத்துவர்கள். இவர்கள் ஹவுஸ்மேன்கள் அல்லர். ஹவுஸ்மேன் காலத்தை முடித்து, மருத்துவ அதிகாரிகளாகப் பணியாற்றி, பிறகு மேற்படிப்பில் சேர்ந்தவர்கள். அவர்களிடம் நாம் இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். இன்றிரவு வந்திருப்பவரைக் காப்பாற்ற வேண்டும். நாளை வரப்போகிறவருக்கு இதைவிட நல்ல சிகிச்சை கிடைக்க வழியும் தேட வேண்டும். முதல் வேலைக்கு அறுவைக்கூடம், கருவி, தாதியர், சம்பளம் என்று எல்லாவற்றையும் பொதுப்பணத்தில் ஒதுக்கியிருக்கிறோம். இரண்டாவது வேலையான ஆய்வுக்கு அவர் ஒதுக்கக்கூடியது பெரும்பாலும் தன் தூக்கத்தையும் குடும்ப நேரத்தையும்தான்.

இந்த ஏற்பாடு சரிதானா என்பதை மருத்துவர்கள் தங்களுக்குள் மட்டும் பேசித் தீர்த்துக்கொள்ள முடியாது. அவர்கள் கண்டுபிடிப்பதன் பலன் நம் வீட்டுக்கு வருகிறது. கண்டுபிடிக்காமல் விட்டதன் இழப்பும் நம் வீட்டுக்குத்தான் வருகிறது.

பழக்கம் கொன்றது, ஆய்வு காத்தது

தலைக்காயத்தால் மூளை வீங்கும். ஸ்டீராய்டு மருந்துக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் உண்டு. ஆகவே தலையில் அடிபட்டவருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது நல்லது என்று உலகின் பல மருத்துவமனைகளில் பல்லாண்டுகள் நம்பினார்கள். தர்க்கத்தில் குறையே தெரியவில்லை. கொடுத்தவர்கள் அனைவரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள்.

‘கிராஷ்’ என்ற பன்னாட்டு ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. 49 நாடுகள், 239 மருத்துவமனைகள், 10,008 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு. மீதிப் பேருக்கு மருந்தற்ற திரவம். 2004-இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 1,052 பேர். பெறாதவர்களில் 893 பேர். நூறு பேருக்கு மூன்று பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். ஒரே வார்டில் எத்தனை ஆண்டு பணியாற்றினாலும் எந்த மருத்துவரின் கண்ணுக்கும் இந்த மூன்று பேர் தெரிந்திருக்க மாட்டார்கள். பல்லாயிரம் நோயாளிகளின் விவரத்தை ஓரிடத்தில் சேர்த்தபோதுதான் தெரிந்தார்கள்.

அதே வரிசையில் வந்த ‘கிராஷ்-3’ ஆய்வு 2019-இல் முடிந்தது. 29 நாடுகளின் 175 மருத்துவமனைகள் பங்கேற்ற அந்த ஆய்வில் மலேசிய மருத்துவமனைகளும் இருந்தன. இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ட்ரானெக்சாமிக் அமிலம் என்ற, விலை குறைந்த பழைய மருந்தை அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், லேசான, நடுத்தரத் தலைக்காயம் பட்டவர்களில் தலைக்காயத்தால் நேரும் மரணம் குறையும் என்று அது காட்டியது. மிகக் கடுமையான காயத்தில் அந்தப் பலன் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் என்றவுடன் ஜொகூர்வாசிக்குச் சில கேள்விகள் எழ வேண்டும். மெர்சிங் சாலையில் விழுந்தவர் அந்த நேரத்துக்குள் முதல் ஊசியைப் பெறுகிறாரா? மாவட்ட மருத்துவமனையில் எவ்வளவு நேரம் கழிகிறது? ஆம்புலன்ஸ் கிளம்ப எவ்வளவு? சி.டி. ஸ்கேன் எடுத்து அறுவைக்கூடம் சேர எவ்வளவு? ஆறு மாதம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினாரா, படுக்கையில் கிடக்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு வெளிநாட்டிலிருந்து பதில் வராது. ஜொகூரின் சாலைகளையும் ஜொகூரின் நோயாளிகளையும் அறிந்தவர்கள்தான் பதில் தேட முடியும்.

கேள்வி சிறியதும் அல்ல. பெருந்தொற்று முடக்கக் காலத்தை விட்டுவிட்டால், மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதிகாலையில் சிங்கப்பூருக்குப் பாலம் கடக்கும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை ஜொகூர் பாருவின் எந்தக் குடும்பத்துக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நிப்பா கற்பித்தது

பயிற்சிக் காலத்தில் இருப்பவர் கற்றுக்கொண்டால் போதும், கேள்வி கேட்பது பெரியவர்கள் வேலை என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது.

1998 செப்டம்பரில் பேராக்கில் தொடங்கி, பிறகு நெகிரி செம்பிலானின் பன்றிப் பண்ணைகளுக்குப் பரவிய மூளைக் காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே கருதினார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பண்ணையில் பன்றியோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். சீனர்களோடு இந்தியத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள்.

அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் துறையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மருத்துவர் சுவா காவ் பிங், நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து வளர்த்த வைரஸ், எதிர்பார்த்த வைரஸைப் போல நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனித்தார். மாதிரியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தாமே கொண்டு சென்றார். இதுவரை உலகம் அறியாத புதிய வைரஸ் அது என்பது 1999 மார்ச்சில் உறுதியானது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. கொசுவை விட்டுப் பன்றியின் பக்கம் நடவடிக்கை திரும்பியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகு நோய் அடங்கியது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்திருந்தார்கள்.

சுவா காவ் பிங்கின் கூர்மையைப் பாராட்டும்போது, அவருக்குப் பின்னால் இருந்தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. நுண்ணோக்கியின் முன் உட்கார நேரம் இருந்தது. மாதிரியை ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டில் கதவு திறந்திருந்தது. அதே கூர்மையுள்ள மருத்துவர் இன்று இரவுப் பணி முடித்து, காலை வார்டு சுற்றி, மாலை வரை அறுவைக்கூடத்தில் நின்றுவிட்டு வீடு திரும்புகிறார் என்று வையுங்கள். வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கண்டாலும், அதைப் பின்தொடர அவரிடம் என்ன மிச்சம் இருக்கும்?

கருவி இல்லாமலும் ஆய்வு உண்டு

ஆய்வு என்றால் கோடிக்கணக்கில் பணமும் கண்ணாடிக் குழாய்களும் வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நரம்பு அறுவைத் துறையில் உலகம் முழுதும் அன்றாடம் பயன்படும் கண்டுபிடிப்புகளில் ஒன்றுக்கு ஒரு தாளும் பேனாவும்தான் தேவைப்பட்டன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜெனட்டும் 1974-இல் வெளியிட்ட உணர்வு நிலை அளவீடு அது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கை கால் அசைக்கிறாரா என்ற மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடும் முறை. அப்போது டீஸ்டேலுக்கு வயது 33.

அதற்கு முன் ஒரு மருத்துவர் ‘அரை மயக்கம்’ என்பார். இன்னொருவர் ‘ஆழ்ந்த மயக்கம்’ என்பார். இருவரும் ஒரே நோயாளியைச் சொல்லியிருப்பார்கள். இந்த அளவீடு வந்த பிறகு இரவுத் தாதி சொல்லும் எண்ணை அடுத்த ஊர் நிபுணர் தொலைபேசியிலேயே புரிந்துகொள்கிறார். குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஒரு நோயாளியை அனுப்பும்போது இரு மருத்துவமனைகளும் இன்று பேசும் எண் அதுதான். அதை உருவாக்கியவர்கள் நோயாளியின் அருகில் நின்று, பார்த்ததை ஒழுங்காகக் குறித்து, குறித்ததைப் பலரோடு ஒப்பிட்டார்கள்.

நம்மவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி தொடங்கினார். 1951-இல் இருவரும் இன்னும் இருவரோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். மேலைநாட்டு நூல்களில் அரிதாகச் சொல்லப்பட்ட மூளைக் காசநோய்க் கட்டிகள் சென்னையிலும் வேலூரிலும் வாரந்தோறும் வந்தன. அவற்றை எப்படி இனம் காண்பது என்று ராமமூர்த்தியும் அவர் கூட்டாளிகளும் தங்கள் நோயாளிகளை வைத்து எழுதியதை உலக இதழ்கள் வெளியிட்டன. மலேசியாவிலும் நரம்பு அறுவையின் முன்னோடிகளில் ஒருவர் ந. ஆறுமுகசாமி என்ற தமிழர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் இந்த வரலாற்றை வைத்து இன்றைய இளைஞரை அடிக்கக் கூடாது. ‘அவர்கள் வசதியே இல்லாமல் செய்தார்கள், உங்களுக்கு என்ன?’ என்று கேட்பது எளிது. அன்றைய முன்னோடிகள் துறையின் தலைவர்கள். தங்கள் நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் தாங்களே ஆண்டார்கள். இன்று பயிற்சியில் இருப்பவர் மற்றவர்கள் போட்ட பணிப் பட்டியலில் ஒரு பெயர். மூன்றாண்டில் மூன்று மருத்துவமனை மாறக்கூடியவர். அவரிடம் எதிர்பார்க்க வேண்டியதை அவர் நிலைமையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆளுக்கொரு கிணறு

நரம்பு அறுவையில் முதுகலைப் பயிற்சியை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் கிளந்தானின் குபாங் கெரியானில் 2001-இல் தொடங்கியது. வெளிநாட்டுக்குப் போனால்தான் நரம்பு அறுவை நிபுணராகலாம் என்ற நிலையை மாற்றிய முயற்சி அது. பயிற்சி பெறுபவர் நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் சுழற்சியில் பணியாற்ற வேண்டும். தேர்வு எழுத வேண்டும். ஓர் ஆய்வேடும் தர வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அறநெறிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இவை தேவையான கதவுகள். நோயாளியைக் காப்பவை.

குறை இருப்பது அதற்குப் பிறகு. ஒருவர் ஒரு தலைப்பு எடுக்கிறார். ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார். ஓராண்டில் கிடைத்த சில பத்து நோயாளிகளின் விவரத்தைத் தம் மடிக்கணினியில் ஏற்றுகிறார். விடுமுறை நாளில் புள்ளியியல் கற்கிறார். ஆய்வேட்டைத் தருகிறார், தேர்வில் தேறுகிறார், வேறு ஊருக்கு மாற்றலாகிறார். கணினியும் கூடவே போகிறது. அடுத்து வருபவர் வேறு தலைப்பை முதலிலிருந்து தொடங்குகிறார். தெருவில் ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே கிணறு வெட்டி, எல்லோரும் பத்தடியிலேயே நிறுத்திவிட்ட கதை இது. உழைப்பு நிறைய, தண்ணீர் இல்லை.

மறுபக்கத்தில் இன்னோர் ஆபத்து நிற்கிறது. ஆய்வை எண்ணிக்கையால் அளக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்கா காட்டுகிறது. அங்கே நரம்பு அறுவைப் பயிற்சியில் இடம் பிடித்த அந்நாட்டு மருத்துவ மாணவர்கள் தங்கள் விண்ணப்பத்தில் காட்டிய கட்டுரை, சுருக்கவுரை, அரங்க உரை ஆகியவற்றின் சராசரி 2022-இல் 25-ஐத் தாண்டியது. இன்னும் கத்தியே பிடிக்காத மாணவர்களின் கணக்கு இது. இத்தனையும் நோயாளிக்குப் பயன்படும் அறிவாக இருக்க வாய்ப்பில்லை. இதன் நிழல் எல்லா நாட்டிலும் விழுகிறது: வேலையே செய்யாதவர் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்ப்பது, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் போடுவது, ஒரே விவரத்தை நான்காகப் பிரித்து நான்கு கட்டுரை ஆக்குவது. வாழ்க்கைக் குறிப்பு நீளும். வார்டில் எதுவும் மாறாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைப் பிரிட்டனின் பயிற்சி மருத்துவர்கள் காட்டினார்கள். 2012-இல் நாடு தழுவிய ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்றைத் தாங்களே அமைத்தார்கள். வயதானவர்கள் குளியலறையில் லேசாக விழுந்து, வாரங்கள் கழித்துத் தடுமாறத் தொடங்கும்போது ஸ்கேனில் தெரியும் பழைய இரத்தக் கட்டு நம் ஊரிலும் அடிக்கடி பார்ப்பதுதான். அதை எடுத்துக்கொண்டார்கள். 26 மருத்துவமனைகளில் 1,205 நோயாளிகளை ஒரே படிவத்தில் குறித்தார்கள். ஒருவர் குறித்தது சில பத்துப் பேரைத்தான். சேர்ந்தபோது அது நாட்டின் படமாக ஆனது.

அடுத்து, இந்த இரத்தக் கட்டுக்கு ஸ்டீராய்டு உதவுமா என்ற சோதனைக்கு அந்தக் கூட்டமைப்பு துணை நின்றது. 748 நோயாளிகள் சேர்க்கப்பட்ட அந்தச் சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் மறு அறுவை குறைந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்களும் அவர்களில்தான் குறைவு. அறுவை செய்தவர் மறு அறுவையை மட்டும் எண்ணியிருந்தால் மருந்து வென்றது என்று எழுதியிருப்பார். வீடு திரும்பிய முதியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதால் உண்மை தெரிந்தது.

நம் நிலைப்பாடு இதுதான். ஜொகூரில் நரம்பு அறுவைப் பயிற்சி பெறும் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆய்வாளராக மாற வேண்டும் என்று கேட்பதை நிறுத்துவோம். எல்லோரும் சேர்ந்து சில கேள்விகளை நீண்ட காலம் சுமக்க ஏற்பாடு செய்வோம். அந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் பங்கு உண்டு.

யார் என்ன செய்ய வேண்டும்?

முதல் பங்கு துறைக்கு. வாரத்தில் அரை நாள் ஆய்வு நேரம் என்று பணிப் பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லாகக் கொடுத்த நேரத்தை முதல் அவசர நோயாளி வந்ததும் எடுத்துக்கொண்டுவிடுவார்கள். அது இயல்பு, யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிரிட்டனில் ஆய்வுப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் இளம் மருத்துவருக்குப் பணி நேரத்தில் கால் பங்கை ஒதுக்கும் திட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் ஏழு ஆண்டுப் பயிற்சிக்குள்ளேயே ஆய்வுக்குக் காலம் வைத்திருக்கிறார்கள். நாம் கேட்பது அரை நாள். கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசை என்பதையும் வேலை தொடங்கும் முன்பே தாளில் எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

இங்கே நேர்மையான ஓர் எதிர்ப்பு உண்டு. அரை நாள் ஒருவர் விலகினால் அவர் வேலையை யார் பார்ப்பது? இருக்கும் மற்றவர்கள் தலையில் அது விழுந்தால், ஒருவர் தூக்கத்துக்குப் பதில் இன்னொருவர் தூக்கத்தைத்தான் எடுத்திருப்போம். எனவே ஆய்வு நேரத்தைக் கேட்பதோடு, அதை ஈடுகட்டும் மருத்துவ அதிகாரி இடத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு ‘ஆய்வுக் கலாசாரம்’ என்று மேடையில் பேசுவதில் பொருளில்லை.

இரண்டாவது பங்கு அமைச்சுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும். பயிற்சியில் இருப்பவர் மாற்றலாகிப் போனாலும் விவரம் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். அதற்கு ஒரு நிலையான தலைக்காயப் பதிவேடும், அதைக் கவனிக்க ஒரு முழுநேர விவரப் பதிவாளரும் தேவை. மருத்துவமனையின் மருத்துவ ஆய்வு மையம் அதற்குப் பொருத்தமான வீடு. பதிவேட்டில் முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் பணியை ஆய்வேடாக ஏற்கப் பல்கலைக்கழகம் தயங்கக் கூடாது. புதுத் தலைப்பைவிட முடிந்த விடைக்கு மதிப்பெண் அதிகம் என்றால் மாணவர் அந்தப் பக்கம் தானாக வருவார்.

ஜொகூர் மாநிலத்திடம் ஒரு கூடுதல் பலம் இருக்கிறது. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பத்து பஹாட் வட்டாரத்தில் துன் ஹுசைன் ஓன் பல்கலைக்கழகம். இஸ்கண்டார் புத்ரியில் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம். புள்ளியியல் தெரிந்தவரும் ஸ்கேன் படத்தைக் கணினியால் படிக்கத் தெரிந்தவரும் அங்கே இருக்கிறார்கள். மருத்துவரிடம் கேள்வி இருக்கிறது, நேரம் இல்லை. பொறியாளரிடம் நேரமும் திறமையும் இருக்கின்றன, நோயாளி இல்லை. இவர்கள் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரு தரப்பு மாணவர்களுக்கும் ஆய்வு அமையும்.

மூன்றாவது பங்கு பயிற்சியில் இருப்பவருக்கு. முதல் கடமை அறுவையை நன்றாகக் கற்பது. அதில் தளர்ச்சி கூடாது. ஆய்வுக்கு வந்தால், பயிற்சிக் காலம் முழுவதற்கும் ஒரே பெரிய கேள்வியைத் தேர்ந்து அதன் பக்கத்திலேயே இருங்கள். பத்துச் சிறு கட்டுரைகளுக்கு ஓடுபவரைவிட, ஒரு நோயைப் பற்றி நான்காண்டு குறித்து வைத்தவர் துறைக்கு அதிகம் தருவார். அடிப்படைப் புள்ளியியலைக் கற்றுக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவ ஆய்வு நெறிமுறைப் பயிற்சியைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றால் அதையும் வெளியிடுங்கள். ஸ்டீராய்டு கதையில் உயிர்களைக் காத்தது அப்படிப்பட்ட ஒரு முடிவுதான். உழைக்காத கட்டுரையில் பெயர் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். மூத்தவர்களும் அப்படிச் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னால்தான் இளையவருக்கு வாய் வரும்.

நான்காவது பங்கு நம்முடையது. ‘ஆராய்ச்சி’ என்று கேட்டதும் ‘எங்களை எலியாக்கப் பார்க்கிறார்களா?’ என்ற அச்சம் எழுகிறது. அந்த அச்சத்தைக் கேலி செய்ய வேண்டாம். பெரும்பாலான பதிவேட்டு ஆய்வில் சிகிச்சை மாறுவதே இல்லை. வழக்கமாகச் செய்வதைக் குறித்து வைக்கிறார்கள். புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வென்றால் விளக்கமும் சம்மதமும் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உண்டு. சொன்னதால் சிகிச்சை குறையக் கூடாது. புரியாவிட்டால் புரியும்வரை கேளுங்கள். சம்மதப் படிவத்தைத் தமிழில் கேட்பதும் நியாயமான கோரிக்கையே.

அதே சமயம் ஒன்றை நாமும் செய்ய வேண்டும். வீடு திரும்பி ஆறு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும்போது எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். எண் மாறினால் தெரிவிக்க வேண்டும். குணமாகி வேலைக்குப் போனவர் பதில் சொல்லாமல் இருந்து, கிளினிக்குக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர் மட்டும் கணக்கில் சேர்ந்தால் சிகிச்சை உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். இறந்தவரின் செய்தி வந்து சேராவிட்டால் உண்மையைவிட நன்றாகத் தெரியும். இரண்டுமே அடுத்தவருக்குக் கேடு. நம் இரண்டு நிமிடப் பதில் ஆய்வின் சரிபாதி.

ஐந்தாவது பங்கு நம் சமூக அமைப்புகளுக்கு. ஆலயங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், வணிகர் சங்கங்கள் என்று ஜொகூரில் தமிழர் அமைப்புகளுக்குக் குறைவில்லை. மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைக்கு மாலை போட்டு உதவித்தொகை தருகிறோம், நல்ல காரியம். அந்தப் பிள்ளை நிபுணத்துவப் பயிற்சிக்கு வரும் காலத்தில் நம் கவனம் எங்கோ போய்விடுகிறது. மற்ற இன அமைப்புகளோடு சேர்ந்து ஒரு விவரப் பதிவாளரின் ஓராண்டுச் சம்பளத்தை முறைப்படி மருத்துவமனைக்கு வழங்கினால், அதன் பலன் இனம் பார்க்காமல் எல்லோருக்கும் போகும். பணம் இல்லாத அமைப்புக்கும் வேலை உண்டு: சம்மதப் படிவத்தை எளிய தமிழில் ஆக்கித் தரலாம், தொலைபேசித் தொடர்புக்கு மொழி தெரிந்த தன்னார்வலரை மருத்துவமனை விதிகளுக்கு உட்பட்டுத் தரலாம்.

செலவா, சேமிப்பா?

சுல்தானா அமினா மருத்துவமனையில் படுக்கைக்கே நெருக்கடி. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே எழுப்பத் தொடங்கிய கட்டடம். இதில் ஆய்வுக்கா பணம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். படுக்கை நெருக்கடியை ஆய்வு தீர்க்காது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் எந்தத் தாமதத்தால் நோயாளி மோசமாகிறார் என்று தெரியாமல் ஒதுக்கப்படும் பணம் தவறான இடத்தில் போய்ச் சேரலாம். சிகாமட்டில் ஒரு ஸ்கேன் இயந்திரம் கூடுதலாக வேண்டுமா, ஓர் ஆம்புலன்ஸா, இரவு நேரத்துக்கு ஒரு தொழில்நுட்பரா என்பதைச் சட்டமன்றத்தில் குரல் உயர்த்தி முடிவு செய்ய முடியாது. நான்காண்டுப் பதிவேடு இருந்தால் முடியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சம்பளம் பல மடங்கு. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் இரு கரைகளையும் இன்னும் நெருக்கமாக்கப் போகிறது. சம்பளத்தில் நாம் போட்டி போட முடியாது. ஆனால் இங்கே இருந்தால் முக்கியமான கேள்விகளுக்கு விடை தேடலாம், அதற்கு நேரமும் மரியாதையும் கிடைக்கும் என்ற நிலையை நம்மால் உருவாக்க முடியும். நல்ல மருத்துவரைப் பிடித்து வைக்க அது ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. அதுவும் இல்லாவிட்டால் பிடித்து வைக்க அதிகம் மிஞ்சாது என்கிறோம்.

எனவே அடுத்த ஓராண்டுக்குள் மூன்று காரியங்களை ஜொகூர் எதிர்பார்க்கலாம். நரம்பு அறுவைப் பயிற்சியில் இருப்பவர்களின் பணிப் பட்டியலில் அரை நாள் ஆய்வு நேரமும், அதை ஈடுகட்டும் ஆளும் எழுத்தில் வர வேண்டும். விபத்து நடந்த நேரம் முதல் ஆறாம் மாத நிலைவரை குறிக்கும் மாநிலத் தலைக்காயப் பதிவேடு தொடங்க வேண்டும்; அதன் சுருக்கம் ஆண்டுக்கு ஒருமுறை மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவது காரியம் நம் கையில் இருக்கிறது: நம் அமைப்புகள் இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டும் நடந்தனவா என்று சட்டமன்ற உறுப்பினரையும் மருத்துவமனை வருகையாளர் குழுவையும் ஆண்டு முடிவில் கேட்க வேண்டியவர்களும் நாமே.